கசாயம் குடிக்கிற அந்த ஒரு வாரம்

புற்றுநோயாளிகளின் இருமலுக்குக் கசாயம் சொல்லிச் சுற்றுகிற ஒரு வாய்ஸ் மெசேஜை நான் மறுத்துப் பேசியதற்கு, "நோயாளிகளைப் பயமுறுத்துறீங்க" என்று என்னைத் திட்டிய அத்தனை பேருக்கும் வணக்கம். ஆமாம், பயமுறுத்தத்தான் செய்தேன்.

புற்றுநோய் மருந்து எடுப்பவருக்கு வறட்டு இருமலா? "உடம்புச் சூடு, சித்தரத்தை, அதிமதுரம் கொதிக்க வச்சு ஒரு வாரம் குடிங்க" என்கிறது அந்தக் குரல். அந்த ஒரு வாரத்தோடுதான் எனக்குச் சண்டை.

மார்பகப் புற்றுக்குப் போடும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகானில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் நுரையீரல் அழற்சி வருது. சிடி ஸ்கேனில் மட்டும் தெரிகிற கட்டமென்றால் ஊசியைத் தள்ளிப்போட்டு, நுரையீரல் தெளிந்ததும் தொடரலாம். இருமலும் இரைப்பும் வந்தால் அந்த மருந்துக்கே முழுக்கு, உடனே ஸ்டீராய்டு. அதாவது இருமும்போதே முதல் படி தாண்டியாச்சு. அப்புறமும் ஒரு வாரம் அதிமதுரமா?

எங்கள் புளோக் அக்கா ஒருவர் லிஃப்ட்டிலிருந்து வீட்டுக் கதவுக்குப் போவதற்குள் மூச்சு வாங்கி ரெண்டு தரம் காய்கறிப் பையைக் கீழே வைப்பார். இருமலை மட்டும் டாக்டரிடம் சொல்லவில்லை, ஊசி தள்ளிப்போயிடுமாம்.

"எல்லா இருமலும் நுரையீரல் பாதிப்பா?" இல்லைதான். கிருமித் தொற்றாகவும் இருக்கலாம், கீமோ நேரத்தில் அதுவும் ஆபத்துதான். எதுவென்று ஸ்கேனும் மற்ற பரிசோதனைகளும் சொல்லும், சித்தரத்தை சொல்லாது.

"ஊசி முடிஞ்சு மூணு மாசமாச்சே?" நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் பெம்ப்ரோலிசுமாப் மாதிரி மருந்தில், நிறுத்திய பிறகும் நுரையீரல் அழற்சி வரும். ப்ளியோமைசின் என்ற கீமோ மருந்தைச் சிதைக்கும் நொதி நுரையீரலில் குறைவு, அதனால் அது நுரையீரலைத் தாக்கும். மொத்த அளவு 400 யூனிட்டைத் தாண்டினால் ஆபத்து ஏறும். பின்னாளில் அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் ப்ளியோமைசின் போட்டதைச் சொல்லியே ஆகணும், அதிக ஆக்சிஜன் ஆகாது. இந்த மருந்து போட்டுவிட்டு, மலேசியாவின் தியோமான் தீவுக்கு ஸ்கூபா முக்குளிக்கப் போகும் தம்பிகளும் முதலில் டாக்டரைக் கேளுங்க.

2021இல் இங்கே சிங்கப்பூரில் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு வீடு கொடுத்த ஆக்சிமீட்டர், அதான் ரத்தத்தில் ஆக்சிஜன் அளக்கும் கருவி, அலமாரியில்தானே கிடக்கு? மருதாணி, நகப்பூச்சு இல்லாத விரலில் மாட்டுங்க. உட்கார்ந்து ஒரு தரம், தாழ்வாரத்தில் நடந்துவிட்டு ஒரு தரம். நடந்ததும் ஆக்சிஜன் எண் நாலு புள்ளி இறங்கினால் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போன் போடுங்க, மருந்தின் பெயரைச் சொல்லுங்க. நம் நிறத்துக்கு அந்தக் கருவி கொஞ்சம் கூட்டியே காட்டும், அதனால் எண் நல்லா இருக்கே என்று இரைப்பை அலட்சியம் பண்ணாதீங்க. மூச்சு முட்டினால் ஆம்புலன்ஸுக்கு 995.

ஸ்டீராய்டில் முகம் ஊதுது, சர்க்கரை ஏறுது என்று நீங்களே நிறுத்தாதீங்க. பல வாரம் படிப்படியாகக் குறைக்கணும், இல்லாட்டி அழற்சி திரும்பி வரும்.

"மருந்துத் தாளில் போட்டிருக்கே, நீங்க வேற எதுக்கு?" போட்டிருக்கு, ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். அந்த வரியைப் படிக்கிற மகன் அம்மாவிடம் சொல்லும் தமிழாக்கம்: "ஒண்ணுமில்லம்மா, லேசா இருமல் வருமாம்."