கப்பல் பட்டியலில் குடும்பப் பெயரைத் தேடாதீர்கள்

"தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலில் இன்றைய குடும்பப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், வரவில்லையென்றால் முன்னோர் ஒப்பந்தக் கூலியாகப் போகவில்லை" என்று சிலர் சொல்வது தவறு. இதை நம்பித் தேடலையே கைவிடுபவர்கள் உண்டு, அதனால் சொல்கிறேன்.

1860 முதல் 1911 வரை போனவர்களின் பட்டியலில் குடும்பப் பெயர் என்று தனியாகப் பெரும்பாலும் இருக்காது. ஆளின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் இவைதான் இருக்கும். முனுசாமியின் பிள்ளைகளுக்கு "மூன்சாமி" குடும்பப் பெயராக நிலைத்தது பின்னால் நடந்தது. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே பெயருக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல் வரும்.

முதலில் தேட வேண்டியது காலனி எண். வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்க உறவினரிடம் பழைய திருமணச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் அந்த எண் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். எண் கிடைத்தால் பட்டியலில் ஆளை நேராகப் பிடித்துவிடலாம். கூடவே தகப்பன் பெயரும் வயதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஜில்லா "வட ஆற்காடு" என்றிருந்தால் வேலூர்ப் பக்கம் மட்டும் அலையாதீர்கள். 1911இல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை அந்தப் பகுதிகளும் வட ஆற்காடுதான். ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம்.

சொந்தச் செலவில் போன வணிகர்கள் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். கங்காணி மூலம் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களையும் இதில் தேடாதீர்கள்.