கடைசி வெள்ளி மூணு மணிக்கு எந்த அம்மாவால வர முடியும்?

"பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் சிறப்பாக நடைபெற்றது." மாசா மாசம் இந்த வரியும் நாலு போட்டோவும் எங்க வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துடும். போட்டோவைப் பெருசாக்கிப் பாருங்க. ஹெச்.எம். இருப்பாங்க, ஒரு டீச்சர் இருப்பாங்க, காலை உணவு சமைக்கிற அக்கா, பக்கத்துக் கடைக்காரர், வயசான ரெண்டு பாட்டிமார். சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அவங்க எங்கே? தேயிலை பறிக்கிற இலைக்காட்டில்.

நான் சொல்றது நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகா, சேரம்பாடி, எருமாடு, அய்யன்கொல்லி பக்கத்துக் கதை. 2022-இல் குழுக்களை மாநிலம் முழுக்க மறுபடி அமைச்சபோது, மாதத்தின் கடைசி வெள்ளி மதியம் 3 மணியிலிருந்து 4.30 வரை கூட்டம்னு நேரம் சொன்னாங்க. டெல்டாவில் அது ஒத்துவரலாம். எங்க ஊரில் மூணு மணிங்கிறது பறிச்ச கொழுந்தைச் சாக்கில் கட்டி, சாயங்கால எடைக்குச் சுமக்கிற நேரம். டேன்டீங்கிற அரசுத் தேயிலைத் தோட்டமோ தனியார் தோட்டமோ, எடைக்கு முன்னாடி கிளம்பினால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான் விழும். பணியர் பழங்குடி வீட்டு அம்மாக்கள் நிலைமை இன்னும் மோசம். காலையில் ஜீப்பில் ஏறி வயநாட்டுப் பக்கம் இஞ்சிக்கும் மிளகுக்கும் போனவங்க திரும்ப இருட்டிடும். வேலை நடுவில் இறங்கி வர அவங்களுக்கு வண்டி ஏது?

சரி, ஒருத்தர் கூலியை விட்டுட்டு வந்துட்டார்னே வைங்க. நாலரைக்குக் கூட்டம் முடியும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அந்த நேரத்துக்கு மூடுபனி இறங்கி எதிரில் வர்ற ஆள் தெரியாது. பஸ்ஸை விட்டால் காட்டு வழி. ஆனை நிக்கிற வழியில் பிள்ளையைக் கையில் பிடிச்சிட்டு நடக்கச் சொல்ற கூட்டத்துக்கு யாரும் வரமாட்டாங்க, வரவும் கூடாது. மழைக்கு லீவு விட்ட வெள்ளிக்கிழமைகளைப் பத்தி நான் பேசவே இல்லை.

அதனால என்ன நடக்குது? ராத்திரி ஏழு மணிக்குத் தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வருது. தலைவி ஒரு அம்மாதான், அது விதி. அடுப்படியில் இருந்து கையைத் துடைச்சிட்டு வந்து, "எங்கே போடணும் சார்?"னு கேட்டுக் கையெழுத்துப் போடுறாங்க. எழுதியிருக்கிறதைப் படிச்சுக் காட்டுறவங்களும் உண்டு. நேரமில்லைன்னு பக்கத்தைப் புரட்டுறவங்கதான் அதிகம்.

"கையெழுத்துதானே, போட்டா என்ன"னு கேக்குறவங்களுக்காகக் கொஞ்சம் விவரம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 21-ஆவது பிரிவு இந்தக் குழுவுக்குக் கொடுத்த வேலை, பள்ளி நடக்கிறதைக் கண்காணிக்கிறதும் அரசு மானியம் எப்படிச் செலவாகுதுன்னு பார்க்கிறதும். 22-ஆவது பிரிவுப்படி பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுத வேண்டியதும் இந்தக் குழுதான். 2022-இல் 13,331 தற்காலிக ஆசிரியர்களை எடுக்கிற பொறுப்பையே குழுக்கள் கையில்தான் கொடுத்தாங்க. ஆக அந்தப் புத்தகத்தில் இருக்கிற கையெழுத்துக்கு வெயிட் இருக்கு.

மானியக் கணக்கையும் பாருங்க. 30 பிள்ளைகள் வரைக்கும் உள்ள பள்ளிக்கு வருஷத்துக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000. அதில் பத்தில் ஒரு பங்கு சுகாதாரத்துக்கு. சமவெளியில் 90 பிள்ளைகள் இருக்கிற பள்ளிக்குக் கிடைக்கிறதில் பாதிகூட எங்க 28 பிள்ளைகள் பள்ளிக்கு வராது. ஆனா கூரை ஓடு மாத்தணும்னா அது மலை ஏறி வரணும், அந்த வண்டி வாடகை யார் கணக்கு? இந்தப் பத்தாயிரத்தில் முதலில் கக்கூஸ் கதவா, ஒழுகுற கூரையா, தண்ணித் தொட்டியான்னு முடிவெடுக்கிற இடத்தில் அம்மாக்கள் இருக்கணும். கதவில்லாத கக்கூஸால் எந்தப் பிள்ளை மத்தியானமே வீட்டுக்கு ஓடி வருதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

2024-இல் மறுபடி அமைச்சப்ப குழுவை 24 பேராக்கி முன்னாள் மாணவர்களையும் சேர்த்தாங்க. நல்லது. உள்ளூர்ப் பிரதிநிதி நாற்காலிதான் காலியாச்சு: 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயிச்ச ஊராட்சி உறுப்பினர்கள் காலம் 2025 ஜனவரியோட முடிஞ்சு, தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போயிடுச்சு. பேச வேண்டிய பொருளோ மேலேயிருந்து வருது. தீர்மானத்தை ஆப்பில் ஏத்தணும், சிக்னல் இருந்தால். (எங்க போனில் பாதி நேரம் கேரளா டவர்.) பிள்ளைகள் வர்ற வழியில் ஆனை நிக்கிறது எந்த மாசப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை.

டீச்சர்மார் சொல்ற பதிலும் எனக்குப் புரியுது. ரெண்டு பேர் நடத்துற பள்ளி, அவங்க கூடலூரில் இருந்து பஸ் மாறி வர்றாங்க. ஞாயித்துக்கிழமையும் வான்னா எப்படி? அவங்க குடும்பமும் குடும்பம்தான். அதனால மாசா மாசம் ஞாயிறு வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒரு ஞாயிறு, மானியமும் வளர்ச்சித் திட்டமும் பேசுற கூட்டத்துக்கு மட்டும், காலை பத்து மணிக்கு, சந்தைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி. வர்ற ஆசிரியருக்கு ஈடுசெய் விடுப்பு கொடுங்க. ஒருமுறை பள்ளியில், அடுத்த முறை தோட்டத் தொழிலாளர் இருக்கிற லைன் வீட்டு முற்றத்தில், அதுக்கடுத்தது பணியர் குடியிருப்பில். பணியர் பிள்ளைகள் பாதி இருக்கிற பள்ளியில், பணிய மொழியில் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் கட்டாயம் வேணும். கையெழுத்துக்கு முன்னாடி தீர்மானத்தைச் சத்தமா ஒருமுறை படிக்கணும். இதில் எதுக்கும் கூடுதல் பணம் கேக்கலை.

இதையே ஒரு தீர்மானமா எழுதி வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புறதுன்னு நாங்க சில பெற்றோர் பேசி வச்சிருக்கோம். குன்னூர், கோத்தகிரி, குந்தா பக்கத்து ஆட்கள் இருந்தால் சொல்லுங்க: உங்க பள்ளிக் கூட்டம் எத்தனை மணிக்கு, போன மாசம் அதுக்கு எத்தனை அம்மாக்கள் நேரில் வந்தாங்க?