ப்ராப்பர்ட்டி ஆஃப்

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். பத்தாவது படிக்கிறான். அவனாகவே மாமாவுக்குப் போன் போடுகிறான் என்றால் என்ன விஷயம் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

"மாமா, ஒரு 80 ரூபா ஜீபே பண்ணுங்களேன். கேம்ல 100 டைமண்ட் வாங்கணும்."

ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம். டைமண்ட் என்பது அங்கே செல்லும் காசு. 2022 பிப்ரவரியில் இந்தியாவில் பழைய ஃப்ரீ ஃபயரைத் தடை செய்தார்கள், மேக்ஸ் தப்பித்துக்கொண்டது. பசங்க மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே குடியேறிவிட்டார்கள்.

கொடுக்கிறதுக்கு முன்னால் கொஞ்சம் வாயைக் கிளறலாமே என்று கேட்டேன். "ஏன்டா, காசு போட்டவன் துப்பாக்கி உன்னுதைவிட நல்லா சுடும்ல? அவன்கிட்ட தோத்தா கடுப்பா இருக்காதா?"

"ரேங்க்ல அப்படித்தான் மாமா இருக்கும். மானப் பிரச்சினைன்னு வந்தா கஸ்டம் ரூம்ல பாத்துக்குவோம். கன் ப்ராப்பர்ட்டி ஆஃப், ஸ்கில் ஆஃப். அப்ப தெரிஞ்சிரும் யாரு மாஸ்னு."

தெரியாதவர்களுக்கு: அந்த கேமில் கன் ஸ்கின், அதாவது துப்பாக்கிக்கு மாட்டும் மேல்தோற்றம், வெறும் பெயின்ட் இல்லை. ஒன்றில் டேமேஜ் கூடும், ரீலோட் குறையும். இன்னொன்றில் சுடும் வேகம் கூடும். இதுதான் ப்ராப்பர்ட்டி. கேரக்டருக்கு ஒரு சக்தி தனி, அதுதான் ஸ்கில். ரேங்க் ஆட்டத்தில் இதெல்லாம் செல்லும். தெரிந்தவர்களோடு நாமே விதி வைத்து ஆடுகிற கஸ்டம் ரூமில் இதையெல்லாம் அணைத்துவைக்க வசதி இருக்கிறது. அணைத்துவிட்டால் எல்லார் கையிலும் ஒரே துப்பாக்கி.

இலவச கேமில் காசுக்குப் பொருள் விற்பது நியாயமா என்று பத்து வருஷத்துக்கு மேலாக எல்லா மொழியிலும் சண்டை போட்டாயிற்று. நானும் பக்கம் பக்கமாக டைப் செய்திருக்கிறேன். இந்தப் பையன் அதை ஒரு ஸ்விட்சில் முடித்துவிட்டான். வீம்புக்கு மோதும்போது எதை அணைக்கிறார்களோ அதுதான் அநியாயம். எதை அணைக்கத் தேவையே இல்லையோ அதை எவ்வளவு விலைக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கிளாஷ் ராயலை எடுத்துக்கொள்வோம். 2016-ல் வந்தது, பின்லாந்தின் சூப்பர்செல் செய்தது. எட்டு கார்டு, மூன்று நிமிட ஆட்டம். செஸ்ஸையும் சீட்டையும் கலந்து அடித்த மாதிரி அவ்வளவு அழகாக யோசித்த கேம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஒவ்வொரு கார்டையும் இறக்க எலிக்ஸர் என்கிற எரிபொருளைச் செலவழிக்க வேண்டும். அதில் ஃபயர்பால் என்கிற நெருப்புக்குண்டுக்கு நாலு எலிக்ஸர், மஸ்கடியர் என்கிற துப்பாக்கிக்காரிக்கும் நாலு எலிக்ஸர். இரண்டும் ஒரே லெவலில் இருந்தால், ஃபயர்பால் தலையில் விழுந்தும் மஸ்கடியர் நூலிழையில் பிழைத்து நிற்பாள். போட்டவனுக்கு "இப்போ போடலாமா, வேறு ஏதாவது பக்கத்தில் வரட்டும் என்று காத்திருக்கலாமா" என்கிற கணக்கு இருக்கிறது. ஆட்டமே அந்தக் கணக்குதான். ஒரு லெவலுக்குச் சுமார் பத்து சதவீதம் பலம் கூடும். எதிராளியின் ஃபயர்பால் ஒரே ஒரு லெவல் மேலே இருந்தால் போதும், மஸ்கடியர் அதே இடத்தில் காலி. அவன் யோசிக்க வேண்டியதே இல்லை. அவனுக்காகக் காசு யோசித்துவிட்டது.

லெவல் ஏற்றக் காசும் போடலாம், மாசக்கணக்கில் உட்கார்ந்து ஆடியும் ஏற்றலாம். சரி. அதே கேமின் உலகப் போட்டிகளில் என்ன நடக்கிறது? எல்லாருடைய கார்டும் ஒரே லெவல். லெவல் வித்தியாசம் நியாயமானது என்றால், பரிசுப் பணம் மேஜையில் இருக்கும்போது மட்டும் அதை ஏன் தூக்கி ஓரமாக வைக்கிறார்கள்? பதில் அவர்களுக்கும் தெரியும், என் அக்கா மகனுக்கும் தெரியும்.

டோட்டா 2-வைப் பாருங்கள், கம்ப்யூட்டரில் அணி அணியாக மோதும் கேம். நூற்றுக்கும் மேற்பட்ட ஹீரோக்கள், எல்லாரும் முதல் நாளிலிருந்தே இலவசம். விற்பது உடுப்பு, இறக்கை, குரல், மினுமினுப்பு. பேட்டில் பாஸ் என்று இந்த உடுப்பு வகையறாவைக் கட்டாக விற்ற காசில் கால் பங்கு, அந்த கேமின் உலகப் போட்டியான தி இன்டர்நேஷனலின் பரிசுக்குப் போனது. 2021-ல் நடந்த போட்டிக்கு மொத்தப் பரிசு 4 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அந்த மேடையில் விற்ற உடுப்பு எதையும் அணைக்க வேண்டியிருக்கவில்லை. வாங்கிய இறக்கையை மாட்டிக்கொண்டே ஆடலாம். (டோட்டா பிளஸ் என்று 2018-ல் ஒரு மாதச் சந்தா கொண்டுவந்தார்கள். என்ன பொருள் வாங்கலாம் என்று அது காதில் ஓதும். எனக்கு அது நெருடல்தான். ஓதினதைக் கேட்டு ஜெயித்தவர்கள் குறைவு என்பதால் விட்டுவிடலாம்.)

கேரம் ஆடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சொந்த ஸ்ட்ரைக்கர் கொண்டுவரலாம். என்ன கலர் வேண்டுமானாலும், என்ன டிசைன் வேண்டுமானாலும். ஆனால் எடை 15 கிராமைத் தாண்டக் கூடாது. பணக்கார வீட்டுப் பையன் ஆயிரம் ரூபாய் ஸ்ட்ரைக்கர் வைத்திருந்தாலும் கிராம் கிராம்தான். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கம் வாங்கினார். அந்தப் பலகையில் லெவல் 15 ஸ்ட்ரைக்கர் என்று ஒன்று விற்றிருந்தால் அவர் பெயரை நாம் கேள்விப்பட்டிருப்போமா?

இங்கே ஒரு கோஷ்டி வரும். "பொறுமையா ஆடினா எல்லாமே இலவசமாக் கிடைக்குமே, யார் காசு போடச் சொன்னா?" எனக்கு இந்த வாதத்தின் மேல்தான் அதிகக் கோபம். கோட்டை கட்டுகிற ஒரு கேம், பெயர் வேண்டாம். ஒரு சுவரை உயர்த்த பதினோரு நாள் என்று கடிகாரம் காட்டியது. ராத்திரி ஒரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், 449 ரூபாய் கட்டினேன். எனக்குச் சுவர் மேல் ஆசை இல்லை. காத்திருப்பதுதான் தாங்கவில்லை. அந்தக் காத்திருப்பை உண்டாக்கியதும் அவர்கள்தான், அதற்கு மருந்து விற்றதும் அவர்கள்தான். அதற்குப் பெயர் பொறுமையா?

இன்னொரு கோஷ்டி: "ஓசியில ஆடிட்டு வாய் வேற." இதில் பாதி நியாயம் இருக்கிறது. சர்வருக்குக் கரண்ட் பில் யாரோ கட்டுகிறார்கள். நான் டோட்டாவில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓசியில் ஆடியவன். காசு போட்ட புண்ணியவான்களுக்கு நன்றிக்கடன் பட்டவன். "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதே" என்பார்கள். டோட்டாவில் நான் பார்க்க மாட்டேன். ஆனால் லெவல் விற்கிற கேமில், காசு போட்டவன் ஜெயிக்க எதிரே ஒருவன் தோற்றாக வேண்டும். அந்த வேலைக்குத்தான் என்னை இலவசமாக உள்ளே விட்டிருக்கிறார்கள். தானம் வாங்கியவன் நான் இல்லை, மாடு நான்.

உடுப்பு மட்டும் விற்றால் எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாமா என்றால், அங்கேயும் ஒரு முள். ஃபோர்ட்நைட் என்கிற துப்பாக்கிச் சண்டை கேமில் உடுப்பு ஆட்டத்தில் எதையும் மாற்றாது. ஆனாலும் "டிஃபால்ட்" என்பது அங்கே திட்டுகிற வார்த்தையாகிவிட்டது. காசில்லாதவன், இலவச உடுப்பில் வந்தவன் என்று அர்த்தம். இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் 2019-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே பிள்ளைகள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். தீபாவளிக்குப் பழைய சட்டையோடு தெருவில் இறங்கியவர்களுக்கு அந்த வலி புரியும். ஆனால் அது ஆட்டத்தின் அநியாயம் இல்லை, நம்முடைய அநியாயம். அதற்கு எந்த ரூமிலும் ஸ்விட்ச் கிடையாது.

80 ரூபாய் அனுப்பிவிட்டேன். கன் ஸ்கின் இல்லை, சட்டைதான் என்று சத்தியம் செய்திருக்கிறான். பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை எனக்கும் அவனுக்கும் கஸ்டம் ரூமில் 1வி1, ஒண்டிக்கு ஒண்டி. ப்ராப்பர்ட்டி ஆஃப், ஸ்கில் ஆஃப். ஏழு ரவுண்டு, ஏழும் அவனுக்கு. கடைசி ரவுண்டில் வாணலியை வைத்து அடித்தான், ராஸ்கல்.