கள்ளிமுளையானைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

மழை விட்டதும் முகநூலில் பூப்படங்கள் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும். நல்ல விஷயம்தான். ஆனால் முக்கால்வாசிப் படங்களில் பூ மட்டும் பளிச்சென்று நிற்கும், பின்னால் பச்சையாக ஒரு மங்கல் இருக்கும். அது பாறை இடுக்கில் பூத்ததா, குளக்கரையில் பூத்ததா, யார் வீட்டு மாடித் தொட்டியிலாவது பூத்ததா, ஒன்றும் விளங்காது. அபூர்வமான காட்டுப்பூவை இப்படி எடுத்துப் போடுவதைப் பாதிப் படம் என்றுதான் சொல்வேன். லைக் குறைந்தாலும் பரவாயில்லை, அது நிற்கிற நிலமும் படத்தில் வர வேண்டும் என்பது என் கட்சி.

கள்ளிமுளையானை வைத்தே பேசலாம். தென் மாவட்டங்களின் வறண்ட பாறைக்காடுகளில் வளரும் செடி இது. விரல் தடிமனில், நாலு பட்டை வைத்த, சாம்பல் கலந்த பச்சைத் தண்டு. இலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தளிரில் பொடியாக வந்து உடனே உதிர்ந்துவிடும். பெயரில்தான் கள்ளி, உறவெல்லாம் எருக்கோடும் வேலிப்பருத்தியோடும். காய் ஆட்டுக்கொம்பு மாதிரி இரட்டையாக நிற்கும். அது வெடிக்கும்போது பஞ்சு வைத்த விதைகள் பறப்பதைப் பார்த்தால் எருக்கின் சொந்தக்காரன் என்பதில் சந்தேகமே வராது.

பூ கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் அதிகம். ஐந்து இதழ், கருஞ்சிவப்பு, நடுப்பக்கம் வரவர மஞ்சள் கீற்றுகள். சில செடிகளில் இதழ் ஓரத்தில் மெல்லிய மயிர்கள் இருக்கும். காற்றே இல்லை என்று நாம் நினைக்கும் நேரத்திலும் அவை நடுங்கிக்கொண்டே இருக்கும். மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோனால் லேசாக அழுகல் வாடை அடிக்கும். அது ஈக்களுக்கான அழைப்பு. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் இங்கே வேலைக்கு ஆகாது. எருக்குக் குடும்பத்தில் மகரந்தம் தூளாக இருக்காது. இரண்டிரண்டாகக் கோத்த குட்டிப் பொதிகளாக இருக்கும். பூவில் வாய் வைக்கிற ஈ அதில் மாட்டி, பொதியோடு கிளம்பிப் போகும். படத்தில் ஈ வந்துவிட்டால் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். எத்தனையோ பேர் அதை 'டிஸ்டர்பன்ஸ்' என்று நினைத்து ஆப்பில் துடைத்துவிடுகிறார்கள்! மாப்பிள்ளையை வெட்டிவிட்டுக் கல்யாண ஆல்பம் போடுவதற்கு என்ன அர்த்தமோ தெரியவில்லை.

சரி, நிலத்துக்கு வருவோம். கள்ளிமுளையான் வெட்டவெளியில் தனியாக நிற்பது குறைவு. காரை, சூரை, கிளுவை, சங்கஞ்செடி என்று ஏதாவது முள்புதரின் அடியில்தான் பெரும்பாலும் இருக்கும். புதர் அதற்குக் குடையும் வேலியும் ஒன்றாக அமைந்த இடம். நிழல் வெயிலை மறைக்கும், முள் ஆட்டு வாயைத் தடுக்கும். புதரை வெட்டி எடுத்துவிட்டால் அடுத்த கோடையைத் தாண்டுவதே பாடு. இந்த உறவைக் காட்டாமல் பூவை மட்டும் நெருக்கிப் பிடித்தால், பார்ப்பவருக்கு அது நர்சரியில் விற்கும் சக்குலென்ட் (சதைப்பற்றுள்ள அழகுச்செடி) மாதிரிதான் தெரியும். கமென்டில் "எங்கே வாங்கலாம்?" என்ற கேள்வி வருவதில் ஆச்சரியமே இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. இந்தச் செடி நிற்கும் இடங்கள் வருவாய்க் கணக்கில் பெரும்பாலும் தரிசு, கல்லாங்குத்து, பாறைப் புறம்போக்கு என்றுதான் இருக்கும். மத்திய அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பிலும் முள்புதர்க்காடும் வெறும் பாறை நிலமும் தரிசுக் கணக்கில்தான் வருகின்றன. மேலே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது காலி இடம். கல்குவாரிக்குக் கொடுக்கலாம், சோலார் தகடு பதிக்கலாம். மரம் நடுகிறோம் என்று புறப்படும் நல்ல மனசுக்காரர்கள்கூடப் புதரை ஜேசிபி வைத்து வழித்துவிட்டுத்தான் குழி தோண்டுகிறார்கள். அங்கே என்ன உயிர் இருந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? மங்கலான பச்சைப் பின்னணியில் ஆயிரம் பூக்கள். அதை வைத்து எந்த அதிகாரியிடம் என்ன பேச முடியும்?

அரிட்டாபட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மதுரை மாவட்டத்தில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193.215 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 ஊற்றுகள், 250 வகைப் பறவைகள் என்று அறிவிப்பிலேயே கணக்கு இருந்தது. அந்தப் பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி 2024 நவம்பரில் வந்தபோது ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ரத்து செய்ய வைத்தது மக்கள்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டவர்களுக்குக் கொடுக்க மக்கள் கையில் அந்தப் பட்டியல் இருந்தது. பெயர் தெரியாத எத்தனையோ கரடுகளுக்கு, அதாவது சிறு பாறைக்குன்றுகளுக்கு, அப்படியொரு பட்டியல் கிடையாது.

அப்புறம் எப்படித்தான் எடுப்பது? பெரிய கேமரா எல்லாம் வேண்டாம். செல்போனின் அகலக் கோணத்தை வைத்துப் பூவுக்கு மிக அருகில் போய், தரையோடு தரையாகப் படுத்து எடுங்கள். பூவும் பெரிதாக வரும், பின்னால் புதரும் பாறையும் வானமும் தெரியும். நெஞ்சில் நெருஞ்சிமுள் குத்தத்தான் செய்யும், பழைய சாக்கு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். உச்சிவெயிலில் பாறை வெள்ளையாக அடிப்பதைப் பார்த்து செல்போன் படத்தை இருட்டாக்கிவிடும். ஏற்கெனவே கருஞ்சிவப்பான பூ கரிக்கட்டையாகிப் போகும். பூவின்மேல் விரலை வைத்து வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள், தோள் துண்டை விரித்து நிழல் கொடுங்கள். பிறகு தண்டு, காய், இதழ் ஓரம், எல்லாவற்றையும் தனித்தனியாக எடுங்கள். ஓரத்தில் மயிர் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் எந்த வகை என்று தாவரவியல்காரர்கள் சொல்வார்கள். முன்பக்கப் படம் ஒன்றை மட்டும் அனுப்பினால் அவர்களும் என்னதான் செய்வார்கள்? முள்கிளை குறுக்கே வந்தால் ஒடிக்காமல் மெதுவாக ஒதுக்கிப் பிடித்து எடுத்துவிட்டு, பழையபடி விட்டுவிடுங்கள்.

ஒருமுறை இப்படிப் படுத்துக்கிடந்தபோது ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் மேலே வந்து நின்றார். "என்ன தம்பி, விழுந்துட்டியா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "இதப் போயா படம் புடிக்கிற? நாங்க பசிச்சா ஒடிச்சு உப்பு தொட்டுத் தின்போம். பட்டைய சீவிட்டு, புளி மொளகா வச்சு அரைச்சா கஞ்சிக்கு அம்புட்டு நல்லாருக்கும். இப்ப எங்க கெடைக்குது, ஆளுக வந்து சாக்குல அள்ளிட்டுப் போயிட்டாங்க."

அந்த சாக்குதான் கவலை. பசியை அடக்கும் செடி என்று பெயர் வாங்கியதால் கள்ளிமுளையான் இன்று உடம்பு இளைக்கும் மாத்திரையாகி விற்கிறது. பெங்களூரில் நடந்து 2007ல் வெளியான ஆய்வில், சாற்றைச் சாப்பிட்டவர்களுக்குப் பசியும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன. எடையில், சாறு சாப்பிடாதவர்களோடு ஒப்பிட்டுச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. விளம்பரம் இதையெல்லாம் எங்கே சொல்கிறது? அதனால், நிலத்தைக் காட்டுங்கள் என்று சொல்லும் நானேதான் இதையும் சொல்கிறேன்: வழியைக் காட்டாதீர்கள். பின்னணியில் ஊர்ப் பலகை, கோயில் கோபுரம், அடையாளம் தெரியும் மலைமுகடு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி, செடிகொடிகளையும் உயிரினங்களையும் பார்த்த இடத்தோடு பதியும் தளங்களில் பதிவேற்றினால் இருப்பிடத்தை மறைக்கும் வசதி இருக்கிறது. சரியான புள்ளி வெளியே தெரியாமல், நீளமும் அகலமும் சுமார் இருபது கிலோமீட்டர் உள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஒன்றைக் காட்டும். சரியான இடம் உங்கள் கணக்கில் பத்திரமாக இருக்கும், நாளைக்கு அந்தக் கரட்டுக்கு ஆபத்து வந்தால் எடுத்துக் கொடுக்கலாம்.

இரண்டும் முரணாக இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை என்றே நினைக்கிறேன். எந்த மாதிரி நிலம் என்பது எல்லோருக்கும் தெரியட்டும். எந்தப் புதர் என்பது நாலு பேருக்குத் தெரிந்தால் போதும்.

படங்களைக் கமென்டில் போடுகிறேன். முதல் படத்தில் பூவைத் தேடத்தான் வேண்டியிருக்கும், சங்கஞ்செடிக்குக் கீழே இடதுபக்கம் பாருங்கள். இன்பாக்ஸில் லொக்கேஷன் கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: மாவட்டத்தைக்கூடச் சொல்வதாக இல்லை.