நான் பூட்டை உடைக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை என் அண்ணனின் ஓராண்டுத் திதியன்று மண்டபத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாட்களாக இருந்தேன். ஆனால் எங்கள் உறவில் பெரியவர் ஒருவர் ஒலிபெருக்கியில் என்னைக் குற்றம் சாட்டிய காணொளி டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை எல்லோருடைய கைப்பேசிக்கும் போய்ச் சேர்ந்த பிறகு, ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் என் மகளே “மாமாவின் கணக்கைத் திருட்டுத்தனமாகத் திறந்தீர்களாமே, அம்மா?” என்று கேட்ட பிறகு, வாய்மூடி இருந்தால் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். நான் எதையும் திருடவில்லை. இறந்தவருடைய இணையக் கணக்கைத் திறந்து, அதில் உள்ளவற்றை ஒழுங்கு செய்வது வீட்டாரின் கடமை. அதைத்தான் செய்தேன், அண்ணி கேட்டுக்கொண்டதால், அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது செய்தேன்.

“செத்தவன் கடிதத்தைப் படிப்பது பிணத்தின் மேல் கிடக்கும் நகையைக் கழற்றுவதற்குச் சமம்” என்று பெரியவர் ஒலிபெருக்கியில் சொன்னார். சிலர் கைதட்டினார்கள். அவரிடம் மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். கிளேர் எஸ்டேட் தகனச் சாலைக்குப் பெட்டி புறப்படும் முன் நகையைக் கழற்றாத குடும்பம் ஒன்றை அவர் எனக்குக் காட்டட்டும். மூக்குத்தியின் திருகு வராவிட்டால் எண்ணெய் விட்டுக் கழற்றி, முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வது நம் வீட்டுப் பெண்கள்தான். அவர்களையும் திருடிகள் என்று மேடையேறிச் சொல்வாரா?

அண்ணனின் மடிக்கணினியில் என்ன இருந்தது என்று கேட்காமலேயே பேசினார்கள். காப்பீட்டுக் கடிதங்கள் மின்னஞ்சலில் மட்டுமே வந்துகொண்டிருந்தன. மாநகராட்சி ரசீதும் அப்படித்தான். இவற்றைவிட, அண்ணன் பதினான்கு ஆண்டுகளாகச் சேர்த்த வம்சாவளி முழுவதும் அதில் இருந்தது. ஓய்வு நாள் கிடைத்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடுவார். கப்பல் பட்டியல்களைப் படி எடுத்துக்கொண்டு வந்து, இரவு முழுவதும் கணினியில் ஏற்றுவார். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்ததிலிருந்து 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்காக, இங்கே கொண்டுவரப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா, உடம்பில் உள்ள வடு என்று எழுத்தர்கள் எழுதி வைத்தார்கள். எங்கள் தாத்தாவின் தகப்பனார் வட ஆற்காட்டிலிருந்து வந்தவர் என்பதும், அவருடைய இடது புருவத்தின் மேல் தழும்பு இருந்தது என்பதும் அந்தப் பட்டியலால்தான் எங்களுக்குத் தெரியும். நம்மை ஆட்களாக மதிக்காமல் எண்களாக எண்ணிய வெள்ளைக்கார அரசாங்கம் எழுதிய காகிதத்தை நான்காம் தலைமுறையில் நான் படிக்க முடிகிறது. போன வருடம் வரை என்னோடு தேநீர் குடித்த அண்ணன் எழுதியதை நான் படிக்கக் கூடாதாம்.

அது அவ்வளவு எளிதாகத் திறந்ததாகவும் நினைக்க வேண்டாம். அண்ணன் போன ஐந்தாம் நாள், வீண் செலவு எதற்கு என்று அண்ணன் மகன் அவருடைய கைப்பேசி ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டான். அவன் நல்லெண்ணத்தில் செய்தான். ஆனால் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றத் தேவையான சரிபார்ப்பு எண் அந்தக் கைப்பேசிக்குத்தான் வரும். மடிக்கணினியின் வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தது. அதைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தியும் பயனில்லை, 48 இலக்க மீட்புச் சாவி கேட்டது. அந்தச் சாவி எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது? பூட்டிக் கிடக்கும் அதே கணக்கில். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

கணக்கை நடத்தும் நிறுவனத்துக்கு இறப்புச் சான்றிதழை அனுப்பினோம். வீடு ஏற்கெனவே அண்ணியின் பெயரில் இருந்ததால் மீதிச் சொத்து 2,50,000 ராண்டைத் தாண்டவில்லை. ஆகவே இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்திலிருந்து அண்ணியின் பெயரில் கிடைத்த அதிகாரக் கடிதத்தையும் அனுப்பினோம். அந்தக் கடிதத்தைக் கொண்டு காரை விற்கலாம், வங்கிக் கணக்கை முடிக்கலாம். நிறுவனமோ, பெயர் பொருந்தவில்லை என்று பதில் எழுதியது. அடையாள அட்டையில் எங்கள் குடும்பப் பெயரான படையாச்சியின் கடைசியில் ஆங்கில ‘ஈ’ இரண்டு. அண்ணன் கணக்குத் தொடங்கும்போது ‘வை’ போட்டிருந்தார். முதலியாரை ‘மூட்லி’ ஆக்கி, முனுசாமியைக் குடும்பப் பெயராக்கி, அண்ணனுக்கும் தம்பிக்கும் வேறு வேறு எழுத்தில் பெயர் எழுதிப் போன எழுத்தர்களின் கைவேலை இன்னும் நம்மை விடவில்லை. பெயர்ச் சிக்கலை விளக்கி எழுதியபோது, தங்கள் நாட்டு நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும் என்றார்கள். ஓய்வூதியத்தில் வாழும் அண்ணி விமானம் ஏறிப் போய் வழக்குப் போட வேண்டும் போலிருக்கிறது.

தனியுரிமை என்று ஒன்று இல்லையா என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். இருக்கிறது. ஆனால் நம் நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமே தனிநபர் தகவல் என்று உயிரோடிருக்கும் மனிதரின் தகவலைத்தான் வரையறுக்கிறது. அண்ணனுக்குக் கடிதம் எழுதியவர்கள் உயிரோடிருக்கிறார்களே என்றால், அது நியாயமான கேள்விதான். அதனால்தான் தேவையானதை மட்டும் திறந்தோம். சட்டம் படித்த மருமகப்பிள்ளை ஒருவர் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இணையக் குற்றச் சட்டத்தை எனக்கு அனுப்பியிருக்கிறார். சட்டவிரோதமாக நுழைவதைத்தான் அது குற்றம் என்கிறது. அதிகாரக் கடிதத்தில் கடவுச்சொல் என்ற சொல் இல்லை என்பது உண்மை. அதில் துணி அலமாரி என்ற சொல்லும் இல்லை. அண்ணனின் சட்டைகளை மடித்து ஆசிரமத்துக்குக் கொடுத்தபோது யாரும் எனக்குச் சட்டம் அனுப்பவில்லை.

அண்ணன் விரும்பியிருந்தால் கடவுச்சொல்லை எழுதி வைத்திருப்பாரே என்பது இன்னொருவரின் வாதம். அண்ணன் உயிலே எழுதவில்லை, ஐயா. திடீரென்று போனவர். கூகிள் 2013 முதலே செயலற்ற கணக்குக்கு ஏற்பாடு செய்யும் வசதியைக் கொடுத்திருக்கிறது. மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை நாம் உள்ளே வராவிட்டால், நாம் சொன்ன பத்துப் பேர் வரைக்கும் தகவல் போகும். ஆப்பிள் 2021 டிசம்பரில் வாரிசுத் தொடர்பாளரை நியமிக்க வழி செய்தது. அப்போது தரப்படும் அணுகல் சாவியும் இறப்புச் சான்றிதழும் இருந்தால் போதும். முகநூலில் நியமித்தால் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம், செய்திகளைப் படிக்க முடியாது. இவற்றில் ஒன்றையாவது செய்து வைத்தவர்கள் மண்டபத்தில் எத்தனை பேர்? கைதட்டியவர்களில் எத்தனை பேர்?

கடைசியில் கதவைத் திறந்தது அண்ணனின் கைப்பேசி எண். அது வேறு யாருக்கும் கொடுக்கப்படாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அண்ணி இறப்புச் சான்றிதழையும் அதிகாரக் கடிதத்தையும் முகவரிச் சான்றையும் எடுத்துக்கொண்டு மூன்று முறை கடைக்கு நடந்து, தன் பெயரில் ரிக்கா என்னும் சிம் அட்டை அடையாளப் பதிவு செய்து அந்த எண்ணை வாங்கினார். சரிபார்ப்பு எண் வந்தது, கடவுச்சொல்லை மாற்றினோம், 48 இலக்கத்தையும் நானே காகிதத்தில் எழுதிக்கொண்டேன். எங்கே உடைத்தேன் பூட்டை?

உள்ளே “எனக்கு மட்டும்” என்று பெயரிட்ட ஓர் அடைவு இருந்தது. அண்ணி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வேண்டாம்மா” என்றார். நாங்கள் திறக்கவில்லை, இன்றும் அப்படியே இருக்கிறது. இதை மேடையில் சொல்ல எனக்கு யாரும் ஒலிபெருக்கி தரவில்லை. யார் யார் அண்ணனிடம் எவ்வளவு கைமாற்று வாங்கினார்கள் என்ற பட்டியலும் இருந்தது. அண்ணி கணக்கு முடிக்க வேண்டியிருந்ததால் அதைத் திறந்தோம். அதைப் பற்றி இந்த நிமிடம் வரை நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்பதைப் பெரியவர் கவனத்தில் கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவு தூரம் நான் எழுதியிருக்கக் கூடாது என்று அண்ணி நாளைக்குக் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும். சொந்த அண்ணனின் திதியன்று, இலையில் சோறு இருக்கும்போது என்னை எழுந்து நிற்கவைத்தார்கள்.

அந்த எண்ணுக்கு மாதந்தோறும் பத்து ராண்டு ஏர்டைம் போட்டு அண்ணி உயிரோடு வைத்திருக்கிறார். வம்சாவளியை மூன்று படிகள் எடுத்துவிட்டோம். நம் உறவில் பதினோரு குடும்பங்களின் கப்பல் எண்கள் அதில் இருக்கின்றன, பெரியவருடைய பாட்டனாரின் எண்ணும் ஊரும் உட்பட. வேண்டுபவர்கள் சனிக்கிழமை மாலை ஒரு பென் டிரைவோடு என் வீட்டுக்கு வரலாம். பெரியவரும் வரலாம், தேநீர் தருவேன்.