ஊசி போட எதற்கு எம்.எஸ்சி.?

ஒரு டாக்டர் மேடையில் நர்சுகளின் எம்.எஸ்சி. படிப்பைக் கேலி செய்கிற அந்த வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். "ஊசி போடறதுக்கு எதுக்கும்மா எம்.எஸ்சி.?" என்று டாக்டர் ஐயா கேட்டதுகூடப் பரவாயில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நம்ம நர்சுகளும் சேர்ந்து சிரித்தார்களே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நான் குழந்தைகள் நல நர்சிங்கில் எம்.எஸ்சி. நாலு வருஷம் பி.எஸ்சி., குறைந்தது ஒரு வருஷம் வேலை அனுபவம், அதற்கப்புறம் ரெண்டு வருஷம் இது. ஊசி போட அங்கே சொல்லித்தரவில்லை ஐயா, அது முதலிலேயே தெரியும்.

குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் இல்லை. ரத்தம் குறைந்தாலும் நீர் வற்றினாலும் குழந்தையின் உடம்பு கடைசிவரை பிரஷரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பி.பி. இறங்கிய பிறகு ஓடி வந்தால் ஏற்கெனவே ரொம்பத் தாமதம். அதற்கு முன்னால் கையும் காலும் சில்லிடும், நகத்தை அழுத்தி விட்டால் ரத்தம் மெதுவாகத் திரும்பும். இதைப் பார்க்க ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணுக்குத்தான் படிப்பு.

ஒரு ராத்திரி, சளி என்று சேர்த்த எட்டு மாசக் குழந்தை. அதுவரை அழுது வார்டையே கூட்டிய பிள்ளை திடீரென்று அடங்கிவிட்டது. "அப்பாடா, தூங்கிட்டான் சிஸ்டர்" என்றார் அம்மா. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு முழு நிமிஷம் எண்ணினேன். அந்த வயதில் 50 தொட்டாலே வேக மூச்சு. இவனுக்கு 70-க்கு மேல். அழுகிற குழந்தையைவிட அழாத குழந்தையிடம்தான் எங்களுக்குப் பயம். டியூட்டி டாக்டரை எழுப்பினேன், அவரும் ஓடிவந்தார், நல்லவர். (எல்லா டாக்டரையும் திட்டுகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள்.)

"அனுபவம் இருந்தா போதாதா? ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) படிச்ச அக்காங்க பார்க்கலையா?" பார்த்தார்கள். எனக்கே தொழில் கற்றுக்கொடுத்தது அவர்கள்தான். ஆனால் அந்த அக்காக்களை ஒரே வார்டில் இருக்க விட்டீர்களா? குழந்தைகள் ஐ.சி.யூ.வில் கை பழகியதும் ரொட்டேஷன் என்று எலும்பு வார்டுக்கு மாற்றிவிட்டு, அனுபவத்தைப் பற்றி எங்களுக்கு வகுப்பு எடுக்கிறீர்கள்.

"எம்.எஸ்சி. முடிச்சவங்க வார்டுக்கு வர்றதில்ல, காலேஜுக்குப் பாடம் எடுக்கப் போயிடறாங்க." இதில் நியாயம் உண்டு. போகிறார்கள்தான். பல இடங்களில் வார்டில் அந்தப் படிப்புக்கென்று ஒரு பதவியும் இல்லை, ஒரு ரூபாய் கூடுதலும் இல்லை, போகாமல் என்ன செய்வார்கள்?

"டாக்டராகணும்னா நீட் எழுது." இதற்கெல்லாம் பதில் கிடையாது.

மனநலம் எடுத்த என் தோழியின் கதை இன்னும் மோசம். அவளை 'அட்ஜஸ்ட்மென்ட்' என்று எலும்பு வார்டில் போட்டிருக்கிறார்கள். நாள்கணக்கில் யாரோடும் பேசாமல் இருந்த ஒருவர் திடீரென்று தெளிவாகி, சிரித்துப் பேசி, வாட்சைக் கழற்றிப் பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்தால் வீட்டுக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். அது தற்கொலைக்கு முடிவெடுத்துவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும், அன்று ராத்திரி அவரைத் தனியாக விடமாட்டாள். இதுதான் அவள் படித்தது. இப்போது மாவுக்கட்டு போட உதவிக்கொண்டிருக்கிறாள்.

2001-இல் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில், சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் கருகிப் போனார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டவே கூடாது என்கிறது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி நோயாளியைக் கட்டிப்போடக் கூடாது என்றும் எழுதியே வைத்திருக்கிறது. சரி, கட்டாமல் எப்படிச் சமாளிப்பது? ஆத்திரத்தில் நாற்காலியைத் தூக்குகிறவர் முன்னால் எவ்வளவு தள்ளி நிற்பது, என்ன குரலில் பேசுவது? அந்த நேரத்தில் ரவுண்ட்ஸ் முடித்துப் போன டாக்டரா அங்கே நிற்கிறார்? நாங்கள்தான் நிற்கிறோம். அடியும் நாங்கள்தான் வாங்குகிறோம்.

எம்.எஸ்சி. நாங்கள் கௌரவத்துக்குப் படித்தோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எம்.டி. எதற்கு, காய்ச்சல் மாத்திரை எழுதவா? கேட்டால் கோபம் வருகிறதல்லவா? நேற்று எனக்கும் அப்படித்தான் வந்தது. என் கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் கடல் தாண்டிவிட்டார்கள். அங்கே இந்தச் சான்றிதழைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லையாம். போன வாரம் அம்மாவே கேட்டுவிட்டார், நீயும் போயிடேன்டி என்று.

"உங்க வருத்தம் புரியுது சிஸ்டர், ஆனா..." என்று ஆரம்பிக்கிற கமென்டுகளுக்குப் பதில் சொல்ல மாட்டேன். நைட் டியூட்டி இருக்கிறது.