வால்டர் டல்: பகிரப்படும் பதிவில் எது உண்மை?

“இங்கிலாந்தின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர், பிரிட்டிஷ் ராணுவத்தின் முதல் கறுப்பின அதிகாரி, மிலிட்டரி கிராஸ் பெற்றவர்” என்று வால்டர் டல் படத்தோடு ஒரு பதிவு சுற்றிவருகிறது. மூன்றுமே தவறு.

டல் 1909இல்தான் லண்டனின் டாட்டன்ஹாம் கால்பந்து அணியில் சேர்ந்தார். கானாவின் அக்ராவில் பிறந்த கோல்கீப்பர் ஆர்தர் வார்ட்டன் 1889லேயே ராதர்ஹாம் டவுனில் சம்பளத்துக்கு ஆடியவர். ராணுவத்திலும் டலுக்கு முன்னோடி உண்டு: ஜமைக்காவில் பிறந்த ஜார்ஜ் பெமண்ட் 1915இல் பீரங்கிப் படை அதிகாரியானார். டல் அதிகாரியானது 1917 மே மாதம்.

மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கத்துக்கு அவர் பரிந்துரைக்கப்பட்டிருந்ததாகச் சக அதிகாரி ஒருவர் டலின் அண்ணனுக்கு எழுதினார். ஆனால் பதக்கம் வழங்கப்படவே இல்லை. வழங்கியதாகச் சொல்வது, அவருக்குக் கிடைக்காமல் போனதையே மறைத்துவிடுகிறது.

உண்மையில் நடந்ததே போதுமான அளவு பெரியது. பார்படோஸ் தச்சருக்கும் இங்கிலாந்தின் கென்ட் பகுதிப் பெண்ணுக்கும் 1888இல் பிறந்தவர், ஒன்பது வயதுக்குள் பெற்றோர் இருவரையும் இழந்து லண்டன் அநாதை இல்லத்தில் வளர்ந்தார். பிரிஸ்டல் மைதானத்தில் நிறவெறி வசைகளைக் கேட்டும் ஆடினார். நார்தாம்ப்டன் டவுனுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியபின், முதல் உலகப்போர் தொடங்கிய 1914இன் டிசம்பரில் கால்பந்து வீரர்களின் படைப்பிரிவில் சேர்ந்தார். ‘ஐரோப்பிய வம்சாவளி’ அல்லாதோர் அதிகாரியாவதை அன்றைய ராணுவ விதிகள் தடுத்தன. அதையும் மீறி அவர் அதிகாரியானார். இத்தாலியில் பியாவே ஆற்றைக் கடந்து நடத்திய தாக்குதலில் தம் ஆட்களில் ஒருவரையும் இழக்காமல் திரும்பியதற்கு ஜெனரல் லாஃபோர்டின் பாராட்டும் பெற்றார்.

1918 மார்ச் 25 அன்று பிரான்சில் கொல்லப்பட்டார். உடல் கிடைக்கவில்லை. அங்குள்ள அராஸ் போர் நினைவுச் சுவரில் பெயர் இருக்கிறது.